அலுமினிய நகைக்கடை

பிள்ளைகளே, பள்ளிக்கூடத்தில் தருகிற படிவங்களில் தகப்பனின் தொழில் என்ற இடத்தில் நீங்கள் எல்லோரும் ஒருவர் மாறி ஒருவர் ‘துறைமுகத் தொழிலாளி’ என்று எழுதி வருகிறீர்கள். அது சரிதான். எனக்கு அதில் குறை இல்லை. ஆனால் யுத்த காலத்தில் நாலு மாதம் நான் நகைக்கடை முதலாளியாகவும் இருந்தனான். உங்கள் அம்மா இதைச் சொல்லமாட்டா. உங்கள் மாமா சொல்லுவார், ஆனால் அவர் வாயால் நீங்கள் இதைக் கேட்கக்கூடாது. ஆகவே நானே எழுதுகிறேன்.

எங்கள் கலியாணப் பேச்சு நடந்த வருஷம் அது. சித்திரை வருஷப்பிறப்புக்குச் சில நாள் முன்னம் யப்பான்காரன் வந்து குண்டு போட்டான். பாதி ஊர் பெட்டி படுக்கையோடு காட்டுப் பக்கம் போனது. பிறகு குண்டு விழவில்லை என்று கண்டு, கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வந்தது. கல்லூரி திறந்தது, கடைகள் திறந்தன. கலியாணப் பேச்சு மட்டும் போன இடத்திலேயே நின்றுவிட்டது.

உங்கள் அம்மாவுக்குத் தகப்பன் இல்லை. மூத்த தமையன்தான், அதாவது உங்கள் மாமாதான், வீட்டில் எல்லாம். கப்பல்களுக்கு மரக்கறி கொடுக்கிறது அவருடைய தொழில். அவர் என்னைக் கூப்பிட்டுக் கதிரையில் இருத்தி, தேத்தண்ணி தந்து சொன்னார்.

“தம்பி, உம்மில ஒரு குறையும் இல்லை. ஆனா துறைமுகத்தில வேலை செய்யிறவருக்குத் தங்கச்சியைக் குடுக்க ஏலாது. நாளைக்கு ஒரு குண்டு விழுந்தா அவள் வெள்ளைச் சீலையோட இஞ்சதான் வந்து நிப்பாள்.”

“நீங்களும் ஒவ்வொரு நாளும் அங்கதானே போறனீங்கள்?”

“நான் மரக்கறியோட போறன். அது வேற.”

என்ன வேறு என்று நான் கேட்கவில்லை. பெண் கேட்டுப் போன இடத்தில் கேட்கிற கேள்வி அல்ல அது. ஆபத்து இல்லாத தொழில் ஒன்று பிடித்தால் தை மாதம் நாள் வைக்கலாம் என்றார். நானும் ஓம் என்று தலையாட்டிவிட்டு வந்தனான்.

எனக்குத் தெரிந்த கைவேலை ஒன்றே ஒன்று. துறைமுகத்து டொக்யாட்டில், கப்பல் திருத்துகிற பட்டறையில், குழாய்களுக்கும் பூட்டுத் திறப்புகளுக்கும் பெயர்த் தகடு அடிக்கிறது என் வேலை. எழுத்து வெட்டிய இரும்பு அச்சைத் தகட்டில் நிறுத்திச் சுத்தியலால் ஒரே ஓர் அடி. இரண்டாவது அடி விழுந்தால் எழுத்து இரட்டையாகத் தெரியும். யுத்தக் கப்பல்காரப் பெடியன்களும் என்னிடம் வருவார்கள். அவர்கள் உடம்பில் ‘வில்லை’ என்கிற, பெயர் குத்திய வட்டத் தகடு ஒன்று கட்டியிருக்க வேண்டும். அரசாங்கம் கொடுத்த நார் அட்டை வில்லை தண்ணீரில் ஊறிவிடும் என்று பயந்து, உலோகத்தில் தனியாக ஒன்று அடித்து, சங்கிலி போட்டு மணிக்கட்டில் கட்டிக்கொள்வார்கள். தெருவில் அவர்கள் கையை வீசி நடக்கும்போது அது மினுங்கும். கல்லூரிப் பெடியன்கள் வாயைத் திறந்தபடி அதைப் பார்த்துக்கொண்டு நிற்பதை நான் பல நாள் பார்த்தனான்.

வேலையை விட்டேன். கல்லூரிக்குப் போகிற தெருவில் ஒரு தையற்காரர் தன் கடைக்கு முன்னால் மேசை போட இடம் தந்தார். வெள்ளி வாங்க எனக்கு வழியில்லை. பித்தளை எல்லாம் யுத்தத்துக்குப் போய்விட்டது. ஆகவே அடி ஓட்டையான அலுமினியச் சட்டிகளைத் தேடி வாங்கினேன். வெட்டி, விளிம்பை அரத்தால் தேய்த்து, சாம்பல் போட்டு மினுக்கினால் தூரத்தில் நின்று பார்க்கிறவருக்கு அது வெள்ளிதான். யாரோ வீட்டில் பத்து வருஷம் சோறு அவிந்த சட்டி, கல்லூரி மாணவன் கையில் நகையாக ஏறியது.

“அண்ணை, வடிவாத்தான் இருக்கு,” என்றான் முதல் வந்த மாணவன். “ஆனா இதால என்ன பிரயோசனம் எண்டு அப்பா கேப்பார். அதுக்கு ஒரு மறுமொழியும் சேத்துத் தாங்கோ.”

நானும் பிரயோசனம் தேடினேன். கல்லூரியில் சோதனை எழுதுகிற காலம் வந்தால் இந்தப் பெடியன்கள் எல்லாம் கோயிலுக்கு அர்ச்சனை செய்ய ஓடுவார்கள். ஐயர் நட்சத்திரம் கேட்பார். கணக்கில் நூறு எடுக்கிறவனும் அங்கே தலையைச் சொறிவான். அது அவனுடைய அம்மாவுக்குத்தான் தெரியும். ஆகவே மேலே பெயர், கீழே நட்சத்திரம் என்று அடித்தேன். கையை நீட்டினால் போதும், ஐயர் வாசித்துக்கொள்வார். கிண்ணியாப் பக்கத்திலிருந்து தோணியில் வருகிற முஸ்லிம் மாணவர்களுக்கு நட்சத்திரத்துக்குப் பதிலாக ஊர்ப் பெயர். குண்டு விமானம் வருகிறதென்று ஆபத்துச் சங்கு ஊதினால் தோணி நின்றுவிடும். எந்தக் கரைப் பிள்ளை எந்தக் கரையில் நிற்கிறது என்று யாருக்கும் தெரியாது. வில்லை இருந்தால் தெரியும்.

“குறிஞ்சாக்கேணி எண்டு போடுங்க அண்ணன்,” என்றான் ஒருவன். “ஆனா சின்னதாப் போடுங்க.”

“ஏன் தம்பி?”

“பெரிசாப் போட்டா தோணிக்காரர் வாசிச்சு முதல் தோணியிலயே ஏத்திப்போடுவார். சங்கு ஊதின நாள்தான் டவுன் பார்க்க ஏலும்.”

வில்லையின் பின்பக்கத்தை வெறுமையாக விட்டேன். அங்கே அச்சுக் குத்தினால் முன்பக்கம் புடைக்கும். காரணம் அவ்வளவுதான்.

கார்த்திகை வருமுன் அந்தக் கல்லூரியில் வில்லை இல்லாத கை குறைவு. உங்கள் மாமா தன் சிநேகிதர்களிடம் என்னை ‘நகைக்கடை வைச்சிருக்கிறவர்’ என்று சொல்லத் தொடங்கினார். அலுமினியம் என்று ஒருநாளும் சொன்னதில்லை. சாத்திரியாரைக் கண்டு, தையில் நாளும் எடுத்துவிட்டார். அந்தச் சந்தோஷத்தில் அவருக்கென்று ஒரு வில்லை செய்தேன். என் கையால் செய்ததில் அதுதான் திறம். பெயரும் நட்சத்திரமும் நூல் பிடித்தது போல விழுந்திருந்தன. அவர் அதைக் கையில் கட்டிக்கொண்டு மறுநாள் மரக்கறியோடு துறைமுகத்துக்குப் போனார்.

பத்து மணிக்கு அவர் என் மேசைக்கு முன்னால் நின்றார். நாலைந்து மாணவர்களும் நின்றார்கள். வில்லையைக் கழற்றி மேசையில் வைத்தார்.

“இது என்னத்துக்கு எண்டு உமக்குத் தெரியுமோ?”

நான் வில்லையை எடுத்துச் சாம்பல் துணியால் துடைத்தேன்.

“மாலுமி ஒருத்தன் என்ர கையைப் பிடிச்சுப் பாத்திட்டுச் சிரிச்சான். தன்ர வில்லையையும் காட்டினான். பிறகு கண்ணை மூடி, நாக்கை வெளியில போட்டு, தலையைச் சரிச்சுக் காட்டினான். எனக்கு இங்கிலீசு தெரியாது தம்பி. ஆனா அது விளங்கிச்சுது.” குரலைத் தாழ்த்தினார். “பேர் குத்தியாச்சு, நட்சத்திரம் குத்தியாச்சு. பின்பக்கத்தில இடமும் விட்டிருக்கிறீர். இனித் திதி ஒண்டுதானே மிச்சம்?”

பின்னால் நின்ற ஒரு மாணவன் சிரித்துவிட்டான். பிறகு தன் கையைத் தூக்கி வில்லையைப் பார்த்தான். சிரிப்பு நின்றது.

தெரியாமல் செய்தனான் என்று எழுதினால் அது பொய். கடலில் எடுக்கிற உடம்புக்குப் பெயர் வேண்டும், அதற்குத்தான் வில்லை. இது எனக்கு முதலே தெரியும். ஆனால் கல்லூரித் தெருவில் இருந்து அடிக்கும்போது அது ஞாபகத்துக்கு வரவேயில்லை. வியாபாரம் நன்றாக நடக்கும்போது சில விஷயங்கள் ஞாபகத்துக்கு வருவதில்லை.

அன்று பின்னேரமே தாய்மார் வரத் தொடங்கினார்கள். ஒரு அம்மா வில்லையைக் கையால் தொடாமல் வாழையிலைத் துண்டில் சுற்றிக் கொண்டுவந்தா.

“ஏன் தம்பி, என்ர பிள்ளை தொலையிறதுக்கு முன்னமே எழுதி வைச்சிட்டீரோ?”

“அர்ச்சனைக்கு எண்டுதான் அம்மா...”

“இனி அர்ச்சனை எல்லாம் நாங்கள் உமக்குத்தான் செய்வம்.”

செய்தார்கள். இரண்டு நாளில் மேசையில் வில்லைகள் குவிந்தன. தையற்காரர் தன் வாடிக்கைகளும் வேறு தெருவால் போகிறார்கள் என்று மரியாதையாகச் சொன்னார். உங்கள் மாமா வைத்த நாள் என்ன ஆகும் என்பதுதான் என் நெஞ்சில் கிடந்தது. கடை போனால் போகட்டும். கடை உங்கள் அம்மாவுக்காகத்தான் வந்தது.

மூன்றாம் நாள் கூப்பிட்டு விட்டார்கள். இந்த முறை கதிரை இருந்தது, தேத்தண்ணி இல்லை. உங்கள் அம்மா குசினிக் கதவுக்குப் பின்னால் நின்றா. சீலைத் தலைப்பு மட்டும் தெரிந்தது.

“என்ன செய்யப்போறீர்?” என்றார் மாமா.

“நீங்கள் சொல்லுங்கோ.”

அவர் சொல்லுமுன் குசினிக்குள் இருந்து குரல் வந்தது. “அண்ணை, குண்டு ஒரு நாளைக்குத்தான் விழும். இவர்ர கடைக்கு ஊரில இருக்கிற தாய்மார் ஒவ்வொரு நாளும் வந்து திட்டுவினம். எது பொல்லாதது எண்டு நீங்களே பாருங்கோ.”

மாமா வருஷப்பிறப்புக்கு முன்னம் யப்பான்காரன் செய்ததையும் இந்த இரண்டு நாளில் தாய்மார் செய்ததையும் மனதில் ஒப்பிட்டுப் பார்த்திருக்க வேண்டும்.

“தம்பி,” என்றார், “துறைமுகத்தில உமக்கு என்ன குறை? வேலையைத் திருப்பிக் கேட்டுப் பாரும். அங்க திரும்பிப் போறதெண்டா வைச்ச நாளிலயே கலியாணம். இந்தச் செத்த வீட்டு நகை வியாபாரம் செய்யிறவருக்குத் தங்கச்சியைக் குடுக்க ஏலாது.”

துறைமுகத்தில் வேலை செய்கிற காரணத்தால் மறுத்த பெண்ணைத் துறைமுகத்துக்குப் போகச் சொல்லித் தந்தார். நான் ஓம் என்று தலையாட்டினேன். இதற்கும் முன்னதற்கும் ஒரே தலையாட்டல்தான்.

டொக்யாட்டில் உடனே எடுத்துக்கொண்டார்கள். அவர்களுக்கு ஆள் தேவை. ஏன் போனாய், ஏன் வந்தாய் என்று ஒருவரும் கேட்கவில்லை. திங்கட்கிழமை வரச் சொன்னார்கள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மேசையை எடுக்கப் போனேன். தையற்காரர் சாப்பிடப் போயிருந்தார். தெருவில் சனம் இல்லை. வெட்டாமல் ஒரு துண்டு அலுமினியம் மிஞ்சிக் கிடந்தது. அதை வட்டமாக வெட்டி, விளிம்பு தேய்த்து, என் பெயரை அடித்தேன். அதற்குக் கீழே நட்சத்திரம் அடிக்கவில்லை. உங்கள் அம்மா இருந்த தெருவின் பெயரை அடித்தேன். அரைஞாண் கயிற்றில் கோத்து, சாரத்தை அதன்மேல் இறுக்கிக் கட்டிக்கொண்டு, மேசையைத் தலையில் தூக்கி வைத்தேன்.