ஒப்புட்டு ரயில்

நஞ்சப்பன் செய்த பொம்மை ரயில் இஞ்சின் மேசையிலிருந்து விழுந்தால், பக்கத்தில் இருப்பவர்கள் முதலில் தரையைத்தான் பார்ப்பார்கள். இஞ்சினுக்கு ஒன்றும் ஆகியிருக்காது என்பது சிங்காநல்லூருக்கே தெரியும். ஒரு தடவை பள்ளிக்கூட வாத்தியார் ஒருவர் காலில் கட்டோடு நொண்டிக்கொண்டு பட்டறைக்கு வந்தார். கையில் இஞ்சின். நஞ்சப்பன் அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பெயிண்டு கூடப் பெயரவில்லை என்று கண்டதும் முகம் மலர்ந்துவிட்டது. "பாருங்க சார், எங்காச்சும் ஒரு கீறல் இருக்குதுங்களா?" என்றார். வாத்தியாரின் கால் விரலைப் பற்றி அவர் ஒரு வார்த்தை விசாரித்ததாகத் தகவல் இல்லை.

சூலூர்ப் பக்கம் தோட்டம் துரவு உள்ள குடும்பம் அவருடையது. அண்ணன்மார் வாழையையும் மஞ்சளையும் பார்த்துக்கொண்டார்கள். தம்பி நஞ்சப்பன் மட்டும் இருகூர் ஸ்டேஷனில் நின்று வருகிற போகிற வண்டிக்கெல்லாம் சலாம் போட்டு வளர்ந்தார். வயது வந்ததும் சிங்காநல்லூரில் பட்டறை போட்டு, பம்புசெட்டுக்குப் பாகங்கள் செய்து, நன்றாகத்தான் இருந்தார். ஒரு பொருட்காட்சிக்காக விளையாட்டாக ஒரு குட்டி ரயில் செய்து ஓடவிட்டார். சுற்றிலும் கூட்டம் கூடியது. அன்றைக்குத் தண்டவாளத்தில் ஏறிய புத்தி அதற்கப்புறம் இறங்கவே இல்லை. பம்புசெட்டு வேலையை விட்டுவிட்டு 'கொங்கு மினி ரயில்' என்று பலகை மாட்டிவிட்டார்.

ஆனால் பம்பை விட்டாலும் பம்புக்காரன் புத்தி விடுமா? கோயமுத்தூரில் ஒரு சாமானின் யோக்கியதையைக் கையில் தூக்கிப் பார்த்துத்தான் சொல்வார்கள். கனத்தால் நல்ல சரக்கு, லேசாக இருந்தால் ஏமாற்று. அந்தக் கணக்கில் நஞ்சப்பன் பொம்மை ரயிலையும் வார்ப்பிரும்பில் செய்தார். உடைந்தால்தானே அடுத்தது வாங்குவார்கள்? ஒரு வீட்டுக்குள் அவர் ரயில் நுழைந்தால் பேரன் பேத்திக் காலம் வரைக்கும் அந்த வீட்டுக்கு வேறு ரயில் தேவைப்படாது. அவரது சரக்கின் தரமே அவர் வியாபாரத்துக்கு உலை வைத்தது. தொண்ணூறுகள் பிறந்து, வீட்டுக்கு வீடு கேபிள் டிவியும் கடைக்குக் கடை லேசான பிளாஸ்டிக் பொம்மைகளும் வந்த பிறகு கேட்கவே வேண்டாம். வேலையாட்கள் ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள். மோட்டாருக்குச் செப்புக் கம்பி சுற்றும் அமிர்தராஜ் மட்டும் மிஞ்சினார். அவரும் ஞாயிற்றுக்கிழமை கோயிலில் அந்தோணியாரிடம் கம்பெனிக்காக மன்றாடிவிட்டு, திங்கட்கிழமை வந்து, ஆர்டர் ஏதாவது வந்ததா என்று அந்தோணியார் சார்பில் விசாரிப்பார்.

ரயிலில் உள்ள எல்லாவற்றையும் நஞ்சப்பன் செய்தார். பயணிகள் பெட்டி, எண்ணெய் டேங்கர், கரி வேகன், எல்லாம். கடைசியில் கார்டு நின்று கொடி காட்டும் கார்டு பெட்டி மட்டும் செய்யமாட்டார். கேட்டால் கோபம் வரும். "இழுக்கறது இஞ்சினுங்க. பாரஞ் சொமக்கறது வேகனுங்க. கடசீல கொடியாட்டிக்கிட்டுச் சும்மா வர்றதுக்கு ஒரு பொட்டி எதுக்குங்க?" என்பார்.

அவர் மனைவி சாந்தாமணிக்கு அந்த ஒரு பெட்டி மீது மட்டுமல்ல, மொத்த ரயில் மீதும் கோபம். அந்தத் தொழிலைப் பற்றி அவளுடைய அபிப்பிராயம் சுருக்கமானது. "இங்கிருந்து பொறப்படுது, சுத்திப்போட்டு இங்கயே வந்து நிக்குது. இதுக்கொரு கம்பெனி!" அவளுடைய அண்ணன் கிட்டுசாமி கிரைண்டர் பாகங்கள் செய்து செழிப்பாக இருப்பவர். கடைசியில் அவரே வந்து உட்கார்ந்து பேசினார்.

"மாப்ள, லேத்தெல்லாம் தூங்குது. நம்ம கிரைண்டர் சோலிய இங்க மாத்திக்கலாம். பலகைய மட்டும் கழட்டிப்போடுங்க."

பலகையைக் கழற்றுவது என்றதும் நஞ்சப்பன் எழுந்துவிட்டார். "ஒரே ஒரு வாய்ப்புக் குடுங்க மச்சா. கருமத்தம்பட்டியில திருமூர்த்தி ஊட்டுக் கண்ணாலம் வருது. அதுல ஒரு வேல செய்யறேன். அதப் பாத்து ஒருத்தராச்சும் ஆர்டர் குடுக்கலீனா, பலகைய நானே கழட்டி உங்க கையில தாரேன்."

அந்த வேலை அவருக்குத் தோன்றியது அமிர்தராஜின் சோம்பலால். பட்டறையின் அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடிக்குச் சாப்பாட்டைக் கொண்டுவர நடக்க வேண்டுமே என்று அமிர்தராஜ் ஒருநாள் அடுக்குத் தூக்குப்போசியை வேகன் மேல் வைத்துச் சுவிட்சைப் போட்டார். அந்தக் கனத்துக்கு எந்தப் பிளாஸ்டிக் இஞ்சினும் மூச்சு முட்டிப் படுத்துவிடும். இது அலட்சியமாக இழுத்துக்கொண்டு வந்தது. "ஏனுங்ணா, ரசங் கூடச் சிந்தலீங்ணா!" என்று அமிர்தராஜ் கத்தினார். இத்தனை வருஷம் குற்றமாக இருந்த கனம் ஒரே நொடியில் குணமாகிவிட்டது. கல்யாணப் பந்தியில் பரிமாறும் ரயில்! நஞ்சப்பன் அன்று சாப்பிடவே மறந்துபோனார்.

திருமூர்த்தி விசைத்தறி முதலாளி. மகள் லோகப்பிரியாவின் கல்யாணம் ஊர் மறக்காததாக இருக்க வேண்டும் என்பது அவர் ஆசை. சமையற்கட்டிலிருந்து தண்டவாளம் கிளம்பி, சாப்பாட்டு மேசைகளின் முன்விளிம்பிலேயே போய், கடைசியில் திரும்பி, எதிர்வரிசை வழியாக மறுபடி சமையற்கட்டுக்குள் நுழையும் என்று நஞ்சப்பன் விளக்கியதும் மயங்கிவிட்டார். "அப்ப பரிமாற ஆளே வேண்டாமுங்களா? பண்ணுங்க, பண்ணுங்க" என்றார்.

நஞ்சப்பன் எல்லாவற்றுக்கும் தயாராக இருந்தார். கரண்டு போனால் பேட்டரி. தடம் புரண்டால் தூக்கி வைக்க அமிர்தராஜ், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு. ஒன்றை மட்டும் அவர் யோசிக்கவில்லை. அதை அவர் யோசித்திருக்கவும் முடியாது, ஏனென்றால் அவரும் அந்த ஊர்க்காரர்தான்.

முதல் பந்தி உட்கார்ந்தது. வாழையிலையில் தண்ணீர் தெளித்தாயிற்று. கூ என்று விசில் ஊதிக்கொண்டு ரயில் வெளியே வந்தது. முதல் வேகனில் ஒப்புட்டு. வெளியூர்க்காரர்கள் போளி என்பார்களே, அதுதான், நெய் சொட்டச் சொட்ட. அடுத்ததில் சோறு, அதற்கடுத்ததில் பருப்பு, பொரியல். கூட்டமே ஆ என்று வாயைப் பிளந்தது. சுவிட்சுப் பெட்டியருகே நின்ற நஞ்சப்பனுக்குக் கண் கலங்கியது.

முதல் இலையில் மாப்பிள்ளையின் தாய்மாமன். ரயில் முன்னால் வந்ததும் அவர் இரண்டு கையையும் கூப்பி, "மொதல்ல அவிங்களுக்குங்க" என்று பக்கத்து இலையைக் காட்டினார். பக்கத்து இலைக்காரர் பதறிப்போய், "ஐயோ, பெரியவிங்க நீங்க இருக்கறப்ப நானுங்களா?" என்று அடுத்தவரைக் காட்டினார். அடுத்தவர் சிரித்துக்கொண்டே தலையை ஆட்டினார். ஒருவர் வீட்டு விசேஷத்தில் தன் கையால் தானே எடுத்துப் போட்டுக்கொள்வதா? யாராவது பார்த்தால் என்ன நினைப்பார்கள்? கொங்கு நாட்டில் முதல் தடவை வேண்டாம் என்பதுதான் மரியாதை. இரண்டாம் தடவையும் வேண்டாம் என்பார்கள். மூன்றாம் தடவை பரிமாறுகிறவர் இலை மேல் கவிழ்த்துவிட்டுப் போவார், "அடடா, நெம்பப் போட்டுட்டீங்க" என்று குறைபட்டுக்கொண்டே சாப்பிடுவார்கள். ரயிலுக்கு இந்த முறை தெரியுமா? வேண்டாம் என்றவர்களை விட்டுவிட்டு அது தன் போக்கில் போய்க்கொண்டிருந்தது. வரிசை முழுக்கக் கும்பிடு வாங்கிக்கொண்டு, போனது போனபடியே சமையற்கட்டுக்குத் திரும்பியது.

சமையல் மாஸ்டர் எட்டிப் பார்த்தார். "யாருக்கும் பசியில்லையாட்ட இருக்குது."

நஞ்சப்பன் மறுபடி அனுப்பினார். மறுபடியும் கும்பிடு. இப்போது வரிசையே புன்னகையும் வெறும் இலையுமாக இருந்தது. தாய்மாமன் பக்கத்தில் இருந்தவரிடம் மெதுவாகக் கேட்டார்: "ரயிலு நெம்ப நல்லாருக்குதுங்க. சோறு எப்பப் போடுவாங்க?"

திருமூர்த்தி வந்துவிட்டார். அந்தப் பக்கத்தில் கோபம் ஏற ஏற மரியாதையும் ஏறும். "ஏனுங்க நஞ்சப்பண்ணனுங்க, உங்க ரயிலைச் சித்தெ அக்கட்டால எடுத்துக்கறீங்களாங்க?" என்றார். ஒரே வாக்கியத்தில் அத்தனை 'ங்க' கேட்டதும் நஞ்சப்பனுக்கு விஷயம் புரிந்துவிட்டது. பலகை கண்முன் கழன்று விழுந்தது.

எதிர்வரிசையில் கிட்டுசாமி உட்கார்ந்திருந்தார். பசி இருந்தாலும் முகத்தில் ஒரு திருப்தி. அவருக்குப் பக்கத்தில் சாந்தாமணி. அவள் அப்போதே மனசுக்குள் பட்டறையில் கிரைண்டர் சாமான்களை எங்கெங்கே வைக்கலாம் என்று அடுக்கத் தொடங்கியிருந்தாள். அவள் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. சும்மா உட்கார்ந்திருந்தால் போதும், எல்லாம் அவள் நினைத்தபடி முடிந்துவிடும்.

அந்த நேரம் பார்த்து நேர் எதிரே இருந்த ஒரு நிறைமாசக்காரி அவள் கண்ணில் பட்டாள். ஒப்புட்டு வேகன் வருவதையும் போவதையும் அந்தப் பெண் கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். கை மட்டும் மடியை விட்டு நகரவில்லை. இலையில் ஒரு பருக்கை இல்லை.

சாந்தாமணி பட்டுச்சேலையை இழுத்துச் செருகினாள். கிட்டுசாமி அவள் கையைப் பிடித்தார். "நீ எங்கே போறே? பேசாம ஒக்காரு கண்ணு."

"எல காலியா இருக்குதுங்ணா. எப்படி ஒக்காந்திருக்கறது?"

எழுந்து நடுவில் போய் நின்றாள். "ஏனுங்க! வண்டிய நிறுத்துங்க!"

கல்யாணமான நாளிலிருந்து ரயில் விஷயத்தில் அவள் கணவனுக்கு இட்ட முதல் உத்தரவு அது. நஞ்சப்பன் திகைத்துப்போய்ச் சுவிட்சை அணைத்தார். ரயில் நிறைமாசக்காரியின் முன்னால் நின்றது.

"ஏங் கண்ணு, ரண்டு உசுரு இருக்கறவ வெறும் எலயப் பாத்துட்டு ஒக்காந்திருக்கறே?" என்று சாந்தாமணி ஒப்புட்டை எடுத்து வைத்தாள். அந்தப் பெண் "ஒன்னு போதுங்கக்கா" என்பதற்குள் இரண்டாவதும் விழுந்தது. சாந்தாமணி நஞ்சப்பனைப் பார்த்துக் கையை அசைத்தாள். ரயில் நகர்ந்தது. உள்ளங்கையைக் காட்டினாள். நின்றது. இலைக்கு இலை நின்றது. சுற்றி வந்து முதல் இலைக்கு வந்ததும் தாய்மாமன் பழக்கப்படி கும்பிட்டு, "மொதல்ல அவிங்களுக்கு..." என்று தொடங்கினார்.

"அவிங்களுக்குப் போகோணும்னா நீங்க எடுக்கோணுமுங்க மாமா. நீங்க எடுக்கலீனா வண்டி நவுறாது. பொறத்தால எல்லாரும் பசியோட இருக்கறாங்க, பாத்துக்குங்க."

பெரியவர் திரும்பிப் பார்த்தார். வரிசையே அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. எடுப்பது மரியாதையில்லை என்றிருந்தது போய், எடுக்காவிட்டால் மரியாதையில்லை என்று ஆகிவிட்டது. அடுத்தவர்களுக்காக, வேறு வழியில்லாமல், அவர் மூன்று ஒப்புட்டு எடுத்துக்கொண்டார்.

அப்புறம் பந்தி பிய்த்துக்கொண்டு போனது. சாந்தாமணி ரயிலுக்குப் பின்னாலேயே நடந்தாள். பேரைச் சொல்லி, முறையைச் சொல்லி, கோபித்து, கெஞ்சி, ஊட்டாத குறையாக எல்லாரையும் திணற அடித்தாள். அவள் கை எழுந்தால் நஞ்சப்பன் நிறுத்தினார், அசைந்தால் விட்டார். அடுத்த பந்திக்கு ஆட்கள் ரயில் பார்க்கவே அடித்துப் பிடித்து உட்கார்ந்தார்கள். மத்தியானத்துக்குள் ஒப்புட்டு தீர்ந்துபோய்ச் சமையல் மாஸ்டர் மறுபடி மாவு பிசைந்தார். திருமூர்த்தி 'ங்க'வைப் பாதியாகக் குறைத்துக்கொண்டு வந்து நஞ்சப்பனைக் கட்டிப்பிடித்தார்.

கை கழுவும் இடத்திலேயே ஆர்டர் வந்தது. சூலூர்க்காரர் ஒருவர், மகனுக்குத் தை மாசம் கல்யாணம். "ரயில நம்ம விசேசத்துக்கும் உடுங்க" என்றவர், ஒரு நொடி தயங்கி, "அந்த அம்மணியும் கூட வருவாங்களல்லங்க?" என்று கேட்டார்.

நஞ்சப்பன் வாயைத் திறப்பதற்குள் அமிர்தராஜ் முந்திக்கொண்டார். "அவிங்க இல்லீனா வண்டியே நவுறாதுங்க."

அதற்கப்புறம் வந்த ஒவ்வொருவரும் அந்தக் கேள்வியைக் கேட்டார்கள். சிலர் ரயிலை மறந்து அதை மட்டுமே கேட்டார்கள். கிட்டுசாமி வெற்றிலையை மென்றுகொண்டே தங்கையிடம், "எங்க சோலிய நீயே கெடுத்துப்போட்டியே" என்றார். சாந்தாமணிக்கு அப்போதுதான் தான் என்ன செய்தோம் என்பது உறைத்தது. தலையில் கை வைத்துக்கொண்டாள்.

பலகை கழலவில்லை. அடுத்த வாரம் நஞ்சப்பன் பட்டறையில் தனியாக ஏதோ செய்துகொண்டிருந்தார். அமிர்தராஜைக் கூடக் கிட்டே விடவில்லை. சாப்பாட்டு நேரத்தில் சாந்தாமணி வந்தபோது அதைத் துடைத்து அவள் முன்னால் வைத்தார். சின்னதாக ஒரு பெட்டி, பின்பக்கம் ஒரு திறந்த வாசல், நிற்க இடம், பிடித்துக்கொள்ள ஒரு குட்டிக் கம்பி.

"இதென்னுங்க, காலிப் பொட்டி?"

"கார்டு பொட்டி." அவர் அவள் முகத்தைப் பார்க்காமல் தண்டவாளத்தைப் பார்த்தே சொன்னார். "இது இல்லாம வண்டி எடுக்கப்படாது. எனக்கு இத்தன நாளாத் தெரியாமப் போச்சு சாந்தாமணி."

அவள் தூக்கிப் பார்த்தாள். கை கீழே இறங்கியது. "இதயும் இரும்புலதான் செஞ்சீங்களா? எம்மாங் கனம்!" என்றாள். குரலில் கோபம் வரவில்லை, சிரிப்புதான் வந்தது. அவளுக்கே அது பிடிக்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "செரி, செரி, கையக் கழுவிப்போட்டு வாங்க. சாப்புடலாம்."

"இப்பப் பசியில்ல. சித்தெ..." என்று நஞ்சப்பன் அரத்தை எடுத்தார்.

சாந்தாமணி உள்ளங்கையைக் காட்டினாள். அவர் அரத்தைக் கீழே வைத்துவிட்டுக் கை கழுவப் போனார்.