கோணல் தையல்

பன்னிரண்டு வயதில் வந்த சர்க்கரை. அன்றிலிருந்து வேளைக்கு வேளை இன்சுலின் ஊசி. நடுவில் மூன்று வருடம் டாக்டர் ஊசியோடு ஒரு மாத்திரையும் சேர்த்துக் கொடுத்தார். அது என் பொற்காலம். ஊசி மருந்து கம்மியாகவே தேவைப்பட்டது. ஞாயிற்றுக்கிழமை ஆம்பூர் பிரியாணியைக் கத்திரிக்காயோடு பயமில்லாமல் சாப்பிட்டேன். கடைசியில் வயிறுதான் ஏற்கவில்லை. டாக்டர் மாத்திரையை நிறுத்திவிட்டு, "ஊசி மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாத்தான் ஏத்தணும்மா" என்றார்.

பொறுமைக்கும் எனக்கும் ஏழாம் பொருத்தம். சர்க்கரை ஏறிக்கொண்டே போன எரிச்சலில், ஒரு நாள் காலை அவர் சொன்னதைவிட ஜாஸ்தியாகப் போட்டுக்கொண்டு ஷூ கம்பெனிக்குக் கிளம்பிவிட்டேன்.

அங்கே எனக்குத் தையல் மெஷின். எனக்குச் சுகர் என்பது பக்கத்து மெஷின் அக்காவுக்கு மட்டும் தெரியும். மற்றவர்களுக்குத் தெரிந்தால் பசை தடவும் மேசைக்குத் தள்ளிவிடுவார்கள் என்று பயம். துணியில் தப்பாகத் தைத்தால் பிரிக்கலாம். தோலில் ஊசி இறங்கினால் ஓட்டை ஓட்டைதான்.

பதினோரு மணிக்குக் கை நடுங்கியது, தையல் கோணிக்கொண்டு போனது.

"இன்னாடி, இப்டி வேர்த்து ஊத்துது? வாயத் தொற." அக்கா குளுக்கோஸ் பொடியை வாயில் கொட்டினாள்.

எனக்குத் தெளிந்தபோது, என் கோணல் பீஸ் அக்காவின் டிரேயில் இருந்தது. சூப்பர்வைசர் அதை எடுத்துக் கத்திக்கொண்டிருந்தார்.

"கண்ணு கொஞ்சம் மங்குது சார்" என்றாள் அக்கா. மறுநாள் அவளைப் பசை மேசையில் உட்காரவைத்தார்கள்.

பக்கத்துக் காலி மெஷினைப் பார்த்துக்கொண்டே அன்று முழுக்கத் தைத்தேன். வெட்கம் பிடுங்கித் தின்றது. சாயங்காலம் சுகர் பார்க்கும் மீட்டரோடு சூப்பர்வைசரிடம் போய் நின்றேன்.

"அக்கா கண்ணு நல்லாத்தான் இருக்குது சார். கோணலாத் தெச்சது நான்."

அக்கா மெஷினுக்குத் திரும்பினாள். என் ஊசி மருந்தின் அளவு சரிப்படும்வரை, இரண்டு மாதம், பசை மேசை எனக்கு.

"உன்ன யாருடி சொல்லச் சொன்னது?" என்று கேட்டவள் அப்புறம் ஒரு வாரம் என்னோடு பேசவே இல்லை. ஆனாலும் தினமும் பதினோரு மணிக்கு வருவாள். என் நெற்றியில் வேர்க்கிறதா என்று புறங்கையால் தொட்டுப் பார்த்துவிட்டு, தன் மெஷினுக்குப் போய்விடுவாள்.

இப்போது அக்கா வேலையை விட்டுவிட்டு மகளோடு பெங்களூரில் இருக்கிறாள். என் சர்க்கரையும் ஒழுங்காக இருக்கிறது. பதினோரு மணியானால் நானே என் நெற்றியைத் தொட்டுப் பார்த்துக்கொள்கிறேன்.