சோபியா ரோட்டுப் பால்

ஐரோப்பாவில் சண்டை மூண்ட அந்த வருஷம் எனக்குக் கால் தரையில் பாவவில்லை. சிராங்கூன் ரோட்டு மாட்டுக் கொட்டகைகளில் தடுமாறாமல் படிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். சென்னையிலிருந்து கப்பலில் பத்திரிகை வந்துவிட்டால் போதும், பால்காரர்கள் அத்தனை பேரும் என்னைச் சூழ்ந்துகொள்வார்கள். பெல்ஜியம் எந்தத் திசையில் இருக்கிறதென்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது. ஆனாலும் ஜெர்மன்காரன் அதைப் பிடித்த கதையை நான் படித்த படிப்பில் கொட்டகையே கொந்தளித்தது. "அடப்பாவி! நல்லா இருப்பானா அவன்!" என்று தொடையில் அடித்துக்கொள்வார்கள். எனக்கு உற்சாகம் தலைக்கேறிவிடும். பத்திரிகையில் இல்லாததையும் இரண்டு வரி சேர்த்துப் படிப்பேன்.

ஒரு நாள் வந்த செய்தி என்னையே உலுக்கியது. பிடித்த ஊர்களில் சிப்பாய்கள் மாடுகளை ஓட்டிக்கொண்டு போகிறார்களாம், குழந்தைகளுக்குப் பால் இல்லையாம். மாட்டையா! எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது.

என் வாடிக்கையிலும் ஒரு ஜெர்மன் வீடு இருந்தது, சோபியா ரோட்டில். அந்த வீட்டுக்காரியின் புருஷனை, எதிரி நாட்டுக்காரன் என்று சர்க்கார் தங்லின் காவல் முகாமில் அடைத்துவிட்டது. வீட்டில் அவளும் கைக்குழந்தையும்தான். குழந்தைக்கு என் மாட்டுப் பால்தான் ஆகாரம். தினமும் வாசலில் மாட்டை நிறுத்தி, செம்பைக் கவிழ்த்துத் தண்ணீர் இல்லையென்று காட்டி, அவள் கண்ணெதிரே கறந்து கொடுப்பேன்.

மறுநாள் காலை அந்த வாசலைத் தாண்டிப் போய்விட நினைத்தேன். மாடு விட்டால்தானே! பழக்கத்தில் நேராக உள்ளே நுழைந்து நின்றுகொண்டது சனியன். அவள் ஓடி வந்தாள். "சூசூ?" என்று மலாயில் பால் கேட்டாள்.

"ஹாபிஸ்! தீர்ந்துபோச்சு, போ!" என்றேன்.

மடி கனத்து நின்ற மாட்டைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். உள்ளே குழந்தை வீறிட்டது. நான் ஒரு ஊரையே மீட்டவன்போல நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு மாட்டை இழுத்துப்போனேன்.

வீட்டில் பெண்டாட்டியிடம் பெருமையடித்தேன். அவள் புண்ணாக்கைக் கரைத்துக்கொண்டே கேட்டாள்: "பச்சப்புள்ளைக்குப் பால் இல்லாம பண்ணிட்டான்னு நேத்து அந்தக் கத்து கத்துனீங்களே. அவனுக்கும் உங்களுக்கும் என்னங்க வித்தியாசம்?"

"வாயை மூடுடி!" என்று கத்தினேன். மூடிக்கொண்டாள். எனக்குத்தான் சோறு இறங்கவில்லை.

விடிந்ததும் முதல் வேலையாகச் சோபியா ரோட்டுக்கு மாட்டை ஓட்டினேன். என்றும்போலச் செம்பைக் கவிழ்த்துக் காட்டினேன். வழக்கத்தைவிட அதிகமாகவே கறந்து, நுரையோடு நீட்டினேன்.

இத்தனை மாதத்தில் ஒரு நாளும் செய்யாததை அவள் அன்று செய்தாள். இடுப்பில் இருந்த குழந்தைக்கு எட்டாமல் செம்பைத் தள்ளிப் பிடித்து, முதலில் தான் ஒரு மடக்குக் குடித்தாள். என் மீது வைத்த கண்ணை எடுக்கவில்லை. குழந்தை செம்புக்குத் தாவித் தாவி அழுதது. தனக்கு ஏதாவது ஆகிறதா என்று பார்த்தபடி அவள் காத்திருந்தாள்.