அவருக்குக் கேட்கும் குரல்

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம். சாப்பாடு முடிந்து நான் பாத்திரம் கழுவிக்கொண்டிருக்கிறேன். கூடத்தில் என் வீட்டுக்காரர் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து, ஒலிபெருக்கிப் பெட்டியின்மேல் உள்ளங்கையைப் பதித்து வைத்திருக்கிறார், காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பது போல. பெட்டிக்குள் யாரோ ஒரு வெளிநாட்டுக்காரர் ஜாஸ் குழுவோடு சேர்ந்து டபுள் பாஸ் வாசிக்கிறார். ஆள் உயரத்துக்கு நிற்கும் அந்தப் பெரிய வயலினை வில்லே இல்லாமல் விரலால் இழுத்து இழுத்து விடுகிறார். கொடியில் துணி கிடக்கிறது, மழை வருகிறது என்று சொல்ல நான் மூன்று முறை ‘ஏங்க’ என்று கூப்பிட்டேன். அவர் திரும்பவில்லை. துணி நனைந்தது. நானும் பிடிவாதக்காரி, நனையட்டும் என்று விட்டுவிட்டேன்.

எங்கள் வீடு புக்கிட் பெலிம்பிங்கில். அவருக்கு அசாம் ஜாவா பக்கம் ஒரு செம்பனை ஆலையில் வேலை, பாய்லர் பிரிவில். தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் பிறந்து வளர்ந்தவர். ஆலைச் சங்கு ஊதினால்தான் விடிந்தது என்று நம்புகிற ஆள். பாய்லருக்குப் பக்கத்தில் நின்று பேசினால் உங்கள் குரல் உங்களுக்கே கேட்காது. காதில் வைத்துக்கொள்ளப் பஞ்சடைப்பான் கொடுத்திருந்தார்கள். இவர் அதைச் சட்டைப் பையிலேயே வைத்திருந்தார். பாய்லரின் மூச்சு மாறினால் காதுதான் முதலில் கண்டுபிடிக்கும், அதை அடைத்துவிட்டு எப்படி வேலை பார்ப்பது என்று என்னிடமே வாதம் செய்வார். அந்த வேலையில் அவருக்கு அவ்வளவு கர்வம்.

ஆலையில் எஞ்சினியராக இருந்த சீனர் ஒருவர் வேலை முடிந்து ஊருக்குப் போகும்போது, ஒரு பெட்டி நிறைய இசைத்தட்டுகளையும் அதைப் போடும் கருவியையும் இவரிடம் கொடுத்துவிட்டுப் போனார். அத்தனையும் ஜாஸ். எங்கள் குடும்பத்தில் யாருக்கும் அந்தச் சொல்கூடத் தெரியாது. திருமண மேடையில் சினிமாப் பாட்டு வாசிக்கும் குழுதான் எங்களுக்குத் தெரிந்த இசை. ஆனால் இவர் இரண்டே மாதத்தில் அதில் விழுந்துவிட்டார். ஊதுகிறவரும் பியானோக்காரரும் இவருக்கு ஒரு பொருட்டே இல்லை. அடியில் நின்று நடந்துகொண்டே இருக்கும் டபுள் பாஸ்தான் வேண்டும்.

வாசிப்பவர்களின் பெயர் இவர் வாயில் நுழையவில்லை. ஆகவே தானே பெயர் வைத்தார். வாசிக்கும்போது அடித்தொண்டையில் முனகிக்கொண்டே இருப்பவர் ‘முக்கல்காரர்’. தோட்டத்துக் கணக்கப்பிள்ளை மாதிரி ஒவ்வொரு சுரத்தையும் அச்சுப் போலச் சுத்தமாக எழுதி வைப்பவர் ‘கிராணி’. மொத்தக் குழுவையும் தோட்டத்துக் கங்காணி போலப் பின்னால் நின்று விரட்டி வேலை வாங்குபவர் ‘மண்டோர்’. மகள் கோலாலம்பூரில் படிக்கப் போன பிறகு கைப்பேசியில் காணொளி பார்க்கவும் சொல்லிக் கொடுத்தாள். அதற்குப் பிறகு கேட்கவே வேண்டாம். பசியாறும்போதுகூடக் கிராணியைப் பற்றித்தான் பேச்சு. பெரிய ஆட்கள் எவரும் வாசிக்கும்போது தன் கையைப் பார்ப்பதில்லை, பாடுகிறவளின் முகத்தைத்தான் பார்க்கிறார்கள், அவள் மூச்சு எடுப்பதற்கு முன்பே அது இவர்களுக்குத் தெரிந்துவிடுகிறது என்று அதிசயித்துச் சொல்வார். எனக்கோ எரிச்சல். பாடுகிறவளின் மூச்சு தெரிகிறது, பக்கத்தில் கத்துகிறவளின் பேச்சு தெரியவில்லை என்று மனதுக்குள் பொருமுவேன்.

நான் பாலர் பள்ளி ஆசிரியை. சின்னப் பிள்ளைகளோடு இருந்து இருந்து என் குரல் கீச்சென்று ஆகிவிட்டது. அந்தக் குரலில் எத்தனை கூப்பிட்டும் இவர் திரும்பாதபோது, வேண்டுமென்றே செய்கிறார் என்றுதான் நினைத்தேன். ஒருநாள் மகளின் படிப்பைப் பற்றி முக்கியமாக ஒன்று சொல்லிக்கொண்டிருக்கிறேன், இவர் தலையை ஆட்டிவிட்டு முக்கல்காரரைப் போட்டார். அன்றோடு பேச்சை நிறுத்தினேன். சோறு போடுவேன், துணி துவைப்பேன், ஒரு வார்த்தை பேச மாட்டேன். பன்னிரண்டு நாள். ஏன் பேசவில்லை என்று அவர் கேட்கவே இல்லை. என் முகத்தை நிமிர்ந்து பார்ப்பதுகூட இல்லை. பதின்மூன்றாம் நாள் காலையில் பையை எடுத்துக்கொண்டு அவர் முதுகுக்குப் பின்னால் நின்று, அக்காள் வீட்டுக்குப் போகிறேன், இனி உங்கள் பெட்டியோடு நீங்களே குடும்பம் நடத்துங்கள் என்று தெளிவாகச் சொன்னேன். அவர் இசைத்தட்டைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். நான் பேருந்து ஏறிச் சுங்கை சோவுக்கு, அக்காள் வீட்டுக்குப் போய்விட்டேன்.

சாயங்காலம் மழையில் தொப்பலாக நனைந்து மோட்டார் சைக்கிளில் வந்து நின்றார். அக்காள் துண்டை எடுத்து வரப் போனாள்.

“ஏன் புள்ள, சொல்லாம வந்துட்ட?”

“சொல்லிட்டுத்தான் வந்தேன். உங்க முதுகுக்குப் பின்னால நின்னு சொன்னேன்.”

அவர் என் உதட்டையே பார்த்தார். அந்தப் பார்வையில் ஏதோ சரியில்லை என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஆனாலும் வாய் சும்மா இருக்குமா?

“பன்னெண்டு நாளா நான் வாயே தொறக்கல. அதுவாச்சும் தெரிஞ்சுதா உங்களுக்கு?”

அவர் முகத்தைக் கையால் துடைத்துக்கொண்டார். தலையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

“நீ பேசிக்கிட்டுத்தான் இருக்கேன்னு நெனச்சேன் லா. எனக்குத்தான் சுத்தமா கேக்காம போச்சுன்னு நெனச்சேன். உன் மூஞ்சியப் பாக்க பயமா இருந்துச்சு. வாய் அசைஞ்சு சத்தம் வரலன்னா நான் என்னா பண்ணுவேன்?”

அக்காள் துண்டோடு வாசற்படியில் நின்றுவிட்டாள். எனக்கு அழுகை வந்தது. வெட்கமும் வந்தது. வெட்கம்தான் அதிகம்.

பிறகு ஒவ்வொன்றாகச் சொன்னார். முதலில் குருவிச் சத்தம் போனது. பிறகு மகளின் குரல். பிறகு என் குரல். இசையில் ஊதுகிறவர் போனார், பாடுகிறவள் போனாள். அடியில் இருக்கும் பாஸ் மட்டும் போகவில்லை, அதனால்தான் அதைப் பிடித்துக்கொண்டாராம். வருடத்துக்கு ஒருமுறை ஆலையில் காதுப் பரிசோதனை நடக்கும். கண்ணாடி வைத்த சின்ன அறைக்குள் உட்கார வைத்து, சத்தம் கேட்கும்போதெல்லாம் பொத்தானை அமுக்கச் சொல்வார்கள். வெளியே கருவியை இயக்கும் பெண்ணின் தோள் ஒவ்வொரு முறையும் லேசாக ஏறுமாம். இவர் அந்தத் தோளைப் பார்த்துப் பார்த்து அமுக்கியிருக்கிறார். மூன்று வருடம் தேறியிருக்கிறார். ‘மண்டோருகிட்ட கத்துக்கிட்டது’ என்று சிரிக்கப் பார்த்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பெரிய மேதைகளிடம் கற்ற வித்தையை வைத்து என் மனிதர் தன் காதையே தோற்றிருக்கிறார். பாய்லரை விட்டு மாற்றிவிடுவார்கள் என்ற பயம், வேறொன்றுமில்லை.

அடுத்த பரிசோதனையில் கண்ணை மூடிக்கொண்டுதான் உட்கார வேண்டும் என்று சத்தியம் வாங்கினேன். மூடினார். ஒரு வாரத்தில் அவரை லோரிகளை எடை போடும் இடத்துக்கு மாற்றிவிட்டார்கள். போனது போனதுதான், உயர்ந்த ஒலிகள் இனி வராது, தாழ்ந்த ஒலிகள்தான் மிச்சம் என்றார் மருத்துவர். காதுக்கருவி கொடுத்தார்கள். அது எல்லாவற்றையும் தகரத்தில் தட்டுவது போலக் காட்டுகிறது என்று கழற்றி வைத்துவிட்டார். எடை மேடையிலிருந்து வீட்டுக்கு வந்தால் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பார். இசைத்தட்டுப் பெட்டியைத் தொடவே இல்லை. நான் செய்தது சரிதான் என்று அறிவுக்குத் தெரியும். ஆனாலும் அந்த முதுகைப் பார்க்கும்போதெல்லாம் குற்றவாளி போலிருக்கும்.

ஒருநாள் நானே கிராணியின் தட்டை எடுத்துப் போட்டேன். அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். முதல் தடவை வெறும் டும் டும் என்றுதான் கேட்டது. ஒரு மாதம் தினமும் உட்கார்ந்தேன். கேட்கக் கேட்கப் பிடிபட்டது. இந்த மனிதர்கள் கத்துவதே இல்லை. ஒரு சுரத்தைத் தொட்டால் அது முழுதாக முடியும் வரை காத்திருந்து அடுத்ததைத் தொடுகிறார்கள். வேகமான பாட்டில்கூட அவசரம் இல்லை. சொல்ல வேண்டியதைத் தாழ்வாக, ஒன்றன்பின் ஒன்றாக வைக்கிறார்கள். நானோ கல்யாணமான நாளிலிருந்து அடுப்படியிலிருந்து கூடத்துக்கு, நான்கு வார்த்தையை ஒரே மூச்சில், உச்சியில் எறிந்துகொண்டிருந்தவள்.

குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு பழகினேன். நெஞ்சில் கை வைத்துக்கொண்டு, அங்கே அதிர்கிற மாதிரி பேச வேண்டும். பள்ளியில் பிள்ளைகள், டீச்சருக்குச் சளி பிடித்திருக்கிறது என்றார்கள். கொஞ்ச நாள் கழித்து ஒரு மாலை அவருக்குக் கொஞ்சம் நன்றாகக் கேட்கும் வலப் பக்கம் போய், முகத்துக்கு எதிரே வராமல், ‘ஏங்க’ என்றேன். தாழ்வாக, ஒரே ஒரு சொல். திரும்பினார். எவ்வளவு நேரம் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார் என்று தெரியாது.

“இன்னொரு தடவ சொல்லு.”

சொன்னேன். அதற்குப் பிறகு ஏழு வருடம் நாங்கள் அந்தக் குரலில்தான் குடும்பம் நடத்தினோம். சண்டையும் அந்தக் குரலில்தான். தாழ்வாகச் சண்டை போட்டுப் பாருங்கள், பாதிக் கோபம் பாதி வழியிலேயே போய்விடும்.

போன வருடம் மாரடைப்பில் போய்விட்டார். இப்போது மகள் தொலைபேசியில், அம்மா கொஞ்சம் சத்தமாகப் பேசுங்கள் என்கிறாள். முயன்று பார்க்கிறேன், பழைய குரல் எங்கே போனதோ, வரவில்லை. அவர் சாவில் நான் வாய்விட்டு அழவில்லை என்று எங்கள் பக்கத்தில் இன்றும் ஒரு பேச்சு உண்டு. அது உண்மைதான். கூடம் நிறையப் பெண்கள் உச்சியில் அழுதுகொண்டிருந்தார்கள். அத்தனையும் அவருக்கு எட்டாத குரல். அக்காள் என் தோளை உலுக்கி, அழுதுவிடு என்றாள். நான் குனிந்து, அவருடைய வலது காதோரம், தாழ்வாக, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னேன். மகள் வந்துவிட்டாள். அக்காள் வந்திருக்கிறாள். ஆலையிலிருந்து எல்லாரும் வந்திருக்கிறார்கள். வெளியே மழை பெய்கிறது. நான் இங்கேதான் இருக்கிறேன்.