முழுக்கைச் சட்டை

அந்த ஆடி மாதம் வெளிநாட்டுச் சபை ஒன்றின் மிஷன் குழு எம். புதுப்பட்டிக்கு வந்து கொஞ்ச நாள் தங்கி ஊழியம் செய்தது. நான் கெமிஸ்ட்ரி இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தேன். மொழிபெயர்க்க ஆள் வேண்டும் என்று எங்கள் பாஸ்டர் சொல்லி முடிப்பதற்குள் சரி என்று குதித்துவிட்டேன். தினமும் திருத்தங்கலிலிருந்து முதல் பஸ். அவர்கள் பாடினால் நானும் பாடினேன். கைதட்டச் சொன்னால் தெருவையே தட்ட வைத்தேன். உலகமே என்னைத் தேடி எங்கள் பக்கம் வந்து இறங்கியிருப்பதாக நினைப்பு.

குழுவுக்குச் சமைத்துப் போட்டவள் அந்த ஊரில் பாஸ்டரின் பக்கத்து வீட்டுக்காரி. நான் அவளை மதினி என்பேன், அவள் புருஷனை அண்ணன் என்பேன். பட்டாசுக் கம்பெனியில் வெடிக்கு மருந்து அடைக்கிற வேலை அவளுக்கு. சீசன் நேரம் என்பதால் விடியுமுன்பே இட்லி அவித்து வைத்துவிட்டு, நான் பஸ்ஸிலிருந்து வந்து இறங்கிய கையோடு கம்பெனி வேனில் ஏறிவிடுவாள். அவள் சபைக்காரி இல்லை. குழுத் தலைவர் அவள் தலையில் கைவைத்து ஜெபித்தபோது குனிந்து கொடுத்தாள். அப்புறம் என்னிடம், "இருக்கன்குடி மாரியாத்தாளும் பாத்துக்கிடட்டும், உங்க ஏசுவும் பாத்துக்கிடட்டும். ரெண்டு பேரு பாத்தா எனக்கென்ன நட்டமா?" என்றாள்.

குழு கிளம்புவதற்கு முந்தின நாள் சாயந்திரம் பெரிய பெட்டிகளைப் பிரித்தார்கள். உள்ளே விளையாட்டுச் சட்டைகள். நீலநிறம், முழுக்கை, பளபளப்பு. பையன்களுக்காகக் கொண்டுவந்தவை. ஆனால் கைநீட்டியது பெண்கள்தான். எங்கள் பக்கம் கம்பெனிக்குப் போகிற பெண்கள், மருந்து மேலே படாமலிருக்க, சேலைக்கு மேல் புருஷனின் பழைய சட்டையைப் போட்டுக்கொள்வது வழக்கம். புதுச் சட்டையே கிடைத்தால் விடுவார்களா? தலைவருக்கு ஏக சந்தோஷம், படமாக எடுத்துத் தள்ளினார்.

ஒன்றைக் கையில் வாங்கிப் பார்த்தேன். துணி வழுக்கியது. ஓரத்தில் ஒரு நூலை உருவி பாஸ்டர் வீட்டு அடுப்பில் காட்டினேன். சாம்பலாகவில்லை. சுருண்டு, கறுத்த மணியாக நின்றது. நைலான் சாதி. உரசினால் பொறி கிளம்பும், தீப்பிடித்தால் உருகும் என்பதால் அந்த மாதிரித் துணியைக் கம்பெனிக்குள் விடவே கூடாது. பருத்திதான் உடுத்த வேண்டும்.

"ஐயா, திருப்பி வாங்கிருவோம்யா" என்றேன் பாஸ்டரிடம்.

"விருந்தாளி குடுத்ததப் பறிக்கிறதா? நல்லா இருக்கும்மா! கம்பெனிக்குப் போட வேணாம்னு மைக்கில சொல்லிரு, போதும்."

சொன்னேன். கூட்டம் சிரித்தது. பிறகு நானே வீடுவீடாகப் போனேன்.

"ஏ புள்ள, குடுத்ததெல்லாம் அள்ளிட்டுப் போயி காலேஜுக்கு உடுத்தப் போறியாக்கும்?" என்றாள் ஒருத்தி.

நூலைக் கொளுத்திக் காட்டியதும் அவள் முகம் மாறியது. அநேகமாக எல்லோரும் கொடுத்துவிட்டார்கள். மதினி மட்டும் கொடுக்கவில்லை. இரண்டு கைகளையும் என் முன்னால் நீட்டினாள். முழங்கைவரை மருந்து பட்டு வெந்து, சொறிந்து சொறிந்து புண்ணாகியிருந்தது.

"உங்க அண்ணன் சட்டையெல்லாம் அரைக்கை. இது மணிக்கட்டு வரைக்கும் மூடுது பாரு."

"போர்மேன் பாத்தா உள்ள விடமாட்டாரு மதினி."

"லோடு ஏத்த லாரி காத்து நிக்கிது. அவரு எண்ணிக்கையத்தான் பாப்பாரு, சட்டையவா பாப்பாரு?"

"எங்கப்பாட்ட முழுக்கை காட்டன் சட்டை இருக்கு. காலையில கொண்டாரேன், இதத் தந்துரு."

"கொண்டா. தாரேன். நானென்ன ஆசைப்பட்டா உடுத்துறேன்?"

மறுநாள் முதல் பஸ்ஸில் சட்டையோடு போய் இறங்கினேன். மதினி வீட்டுக் கதவு பூட்டியிருந்தது. அவசர ஆர்டராம். வேன் வழக்கத்துக்கு முன்பே வந்து அள்ளிக்கொண்டு போய்விட்டது. கம்பெனிக்கு பாஸ்டரின் பைக்கில் போய்விடலாம் என்று ஓடினேன். அவர் அதற்குள் குழுவோடு மதுரை ஏர்போர்ட்டுக்குக் கிளம்பியிருந்தார். அடுத்த பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தபோது சத்தம் கேட்டது. காலுக்குக் கீழே தரை ஒருமுறை உதறியது. பஸ் ஸ்டாப்பில் நின்ற எல்லோரும் சத்தம் வந்த திசைக்கு ஓடினோம். எல்லோருடைய வீட்டிலிருந்தும் ஒருவராவது கம்பெனியில் இருந்தார்.

எந்த அறையில், எதனால் பிடித்தது என்று ஒருவருக்கும் தெரியவில்லை. உராய்வு என்றது கம்பெனி. எந்த உராய்வு என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. தெரிந்தது ஆஸ்பத்திரியில் பார்த்தது மட்டும்தான். மதினியோடு வேலை செய்த இரண்டு பெண்களும் வெந்துதான் கிடந்தார்கள். அவர்களுடைய பழைய சட்டைகள் கருகி உதிர்ந்திருந்தன. மதினியுடையது உதிரவில்லை. கத்தரிக்கோலோடு குனிந்த நர்ஸ் அப்படியே நிமிர்ந்துவிட்டார். "எது துணி, எது தோலுன்னே தெரியலையே" என்றார்.

அண்ணன் சுவரோரம் குத்தவைத்திருந்தார். என்னைக் கண்டதும் எழுந்தார். "தாயி, அந்தத் தொர எங்கன இருக்காரு? அவ தலையில கைவச்சாரே. இன்னொருக்க ஜெபம் பண்ணச் சொல்லு தாயி."

குழு அதற்குள் சென்னைக்குப் பறந்துவிட்டிருந்தது. மதுரையிலிருந்து நேரே ஆஸ்பத்திரிக்கு வந்த பாஸ்டரின் செல்லை வாங்கி அழைத்தேன். தலைவர் குரலுக்குப் பின்னால் விமான அறிவிப்புகள் கேட்டன. நடந்ததைச் சொன்னேன். சட்டையையும் சொன்னேன். அண்ணன் ஜெபம் கேட்டதையும் சொன்னேன். அவர் உடைந்த குரலில் ஜெபிக்கத் தொடங்கினார். போனை என் காதில் வைத்துக்கொண்டு, மதினியின் காதருகே குனிந்து, வாக்கியம் வாக்கியமாகத் தமிழில் சொன்னேன். அவள் உதடு அசைந்தது. தண்ணீர் கேட்டாள். நர்ஸ் பஞ்சை நனைத்து ஒற்றினார்.

தலைவர் நிறுத்தவில்லை, நானும் நிறுத்தவில்லை. அண்ணன் அலறியதுகூட எனக்குச் சட்டென்று உறைக்கவில்லை. நர்ஸ் வந்து என் தோளைத் தொட்டபோது நான் இன்னும் மொழிபெயர்த்துக்கொண்டிருந்தேன்.