மூன்று மணி வரை கிடந்த துணி

இந்த ஊரில் ராத்திரியிலும் துணி வெளியே காயும். மாடிக்கு மாடி மூங்கில் கழி நீட்டி வைத்திருப்பார்கள். லோஞ்சி என்கிற கைலியும் சட்டையும் விடிய விடியத் தொங்கும். நான் யாங்கோன் வந்து இருபத்திரண்டு வருடம் ஆகிறது. சாப்பாடு பழகிவிட்டது, பாஷை பழகிவிட்டது. இது மட்டும் பழகவில்லை. ஊரில் நீங்கள் விளக்கு வைக்குமுன் கொடியில் கிடப்பதை எடுத்துவிடுவீர்கள். கைக்குழந்தைத் துணி என்றால் கேட்கவே வேண்டாம், பட்சி நிழல் பட்டால் பிள்ளைக்கு ஆகாது என்பீர்கள். நானும் கமுதிப் பக்கத்துக்காரிதான். பொழுது சாய்ந்தால் கை தானாகத் துணிக்குப் போகும்.

நான் வேலை செய்வது நோரா என்ற அயர்லாந்து அம்மா வீட்டில். இங்கிலீஷ் டீச்சர், அறுபது வயது, இங்கே தனியாள். டீச்சரை இங்கே ஸயாமா என்பார்கள். நானும் அப்படித்தான் கூப்பிடுவேன்; அவர் என்னை மா செல்வி என்பார். எங்களுக்குள் பேச்சு பர்மிய பாஷையில். அவருக்குக் கொஞ்சம் வரும், எனக்கு அதைவிட அதிகமாக வரும். பிப்ரவரி முதல் தேதி அவர் நாட்டில் பிரிஜிட் என்ற புனிதவதியின் திருநாள். இங்கே அது பட்டாளம் ஆட்சியைப் பிடித்த தேதி, தெரு வெறிச்சென்று கிடக்கும். அதை யாரும் வாய்விட்டுப் பேசுவதில்லை. எல்லோருக்கும் தெரியும். நான் குடியிருக்கும் தாகேதாவிலிருந்து பஸ் கிடைக்காது என்று முந்தின நாளே போய்த் தங்கிவிட்டேன். ஸயாமா த்வாண்டே ஊரிலிருந்து வருகிற கோரையை மடித்து மடித்து ஏதோ செய்துகொண்டிருந்தார். பாய் முடையத் தெரியாமல் பாதியில் விட்டுவிட்டார் என்று நினைத்தேன். அது சிலுவையாம். தானே ஸ்டூல் போட்டு ஏறி, வாசல் நிலைக்கு மேலே மாட்டினார். பார்க்க நானும் கேட் காவல்காரர் ஊ சோவும்தான் இருந்தோம்.

விளக்கு வைக்கிற நேரத்தில் வேலிச் செடிமேல் ஒரு வெள்ளைத் துணி கிடந்தது. சின்னது, மெத்தென்று இருந்தது. மறந்துவிட்டார் என்று எடுத்து அலசி உள்ளே போட்டேன். விடியற்காலம் ஐந்து மணிக்குக் கரண்ட் வந்தது. வந்தபோதுதானே தேய்க்க முடியும்? தேய்த்து நாலாக மடித்தேன். அப்போது ஊ சோ பின்கதவுக்கு வந்தார்.

"மா செல்வி, வேலியில கிடந்த துணி எங்கே?"

"இந்தா இருக்கு."

"அடிப்பாவி! ராத்திரி முழுக்கப் பனியில கிடக்கணும்னு ஸயாமா எங்கிட்டச் சொல்லி வச்சாங்களே. அவங்க நாட்டு நாட் அம்மா வந்து தொட்டுட்டுப் போவாங்களாம். மக பிரசவம் நல்லபடியா ஆகணும்னு அனுப்பற துணி."

நாட் என்றால் இங்கே காவல் தெய்வம். பிரிஜிட்டை ஊ சோ புரிந்துகொண்டது அப்படி. அயர்லாந்தில் இருக்கும் அந்த மகளைப் பற்றி எனக்குத் தெரியும். அப்போது ஏழு மாதம். இதற்கு முன் இரண்டு தங்கவில்லை. போனில் பேசி முடித்ததும் ஸயாமா சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பார்.

"நீங்களாவது எங்கிட்டச் சொல்லியிருக்கலாம்," என்றேன்.

"நீ துணி திருடுவேன்னு நான் கண்டேனா? குழாய்த் தண்ணிய தெளிச்சுத் திரும்பப் போடு. யாரு பாத்தா?"

குழாயைத் திறந்தேன். மூடிவிட்டேன்.

எனக்கு முதல் பிள்ளை தாகேதாவில் பிறந்தான். பதினெட்டு நாள் இருந்தான். காய்ச்சல் என்றார்கள். ஊரிலிருந்து அம்மா போனில் கேட்டது ஒன்றுதான்: "துணிய ராத்திரி வெளியே விட்டியாடி?" விட்டிருந்தேன். எல்லார் வீட்டிலும் தொங்கியதே, நானும் தொங்கவிட்டேன். அதற்குப்பின் விட்டதில்லை.

ஸயாமா எழுந்து வந்ததும் துணியை நீட்டினேன். "நான் எடுத்தேன். அலசித் தேய்த்துவிட்டேன்."

அவர் படியில் உட்கார்ந்துவிட்டார். திட்டவில்லை. "ஏன்?" என்றார்.

"எனக்கு ஒரு பையன்."

"பையனா? சொன்னதே இல்லையே. எங்கே வேலை செய்யறான்?"

"இல்லை."

துணியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு கடிகாரத்தைப் பார்த்து விரல்விட்டு எண்ணினார்.

"அங்கே இன்னும் நேற்றுதான். ராத்திரி பதினொரு மணி. பிரிஜிட் இன்னும் கிளம்பியிருக்கவே மாட்டாள்." எழுந்து போய்த் துணியைத் திரும்ப வேலியில் விரித்தார். "அங்கே விடிய இங்கே மூன்று மணி ஆகும். அதுவரை யாரும் தொட வேண்டாம்."

"மத்தியான வெயில்ல வரப்போற நாட் அம்மாவுக்குக் குடையாவது வைங்க," என்றார் ஊ சோ. அவரே சிரித்துக்கொண்டார்.

அன்று எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. பருப்பை அடிப்பிடிக்க விட்டேன். துடைத்த இடத்தையே துடைத்தேன். யாங்கோன் காக்கை கொஞ்சமா நஞ்சமா? கம்பிக்கும் மரத்துக்குமாகப் பறந்துகொண்டே இருந்தது. ஒவ்வொரு நிழலும் துணிமேல் விழுந்து போனது. துடைப்பத்தோடு ஓடினேன். "விடுங்கள், மா செல்வி," என்று வாசலிலிருந்து ஸயாமா சொன்னார். துணியைத் தொடக்கூடாது, காக்கையை விரட்டக்கூடாது. நிற்கக்கூடாது என்று சொல்லவில்லையே. வேலியை ஒட்டிப் போய் நின்றேன். என் நிழல் துணிமேல் விழுந்தது. காக்கை நிழல் என் முதுகில் விழட்டும் என்று இருந்தேன். வெயில் நகர நகர நானும் நகர்ந்தேன். அந்தப் புனிதவதி வந்தால் வழிவிட வேண்டுமே என்று நடுவில் இரண்டு தடவை விலகியும் நின்றேன்.

"வேலிக்கு ஒரு கம்பு குறையுதுன்னு சொல்லிட்டிருந்தேன். வந்துடுச்சு," என்றார் ஊ சோ. பிறகு அவரே தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

மூன்று மணிக்கு ஸயாமா வந்து எடுத்தார். பனி ஏது? அப்பளம் மாதிரி காய்ந்து சூடாக இருந்தது. கன்னத்தில் ஒற்றிக்கொண்டார். ஓரத்தில் ஒரு விரல் அகலம் கிழித்து என்னிடம் நீட்டினார். எனக்கு எதற்கு, யாருக்குப் போர்த்த என்றேன். என் கையில் வைத்து விரல்களை மூடிவிட்டார். மற்றதை அயர்லாந்து போகிற ஒரு டீச்சரிடம் கொடுத்தனுப்பினார். போய்ச் சேர்ந்துவிட்டது. பிரசவச் சேதி இன்னும் வரவில்லை.

மறுநாள் தாகேதா வந்ததும் வழக்கம்போல விளக்கு வைக்குமுன் எல்லாத் துணியையும் எடுத்தேன். அந்தக் கிழிசல் ஒன்று மிச்சம். வெளியே விடவும் மனம் வரவில்லை, பெட்டியில் வைக்கவும் வரவில்லை. ஜன்னல் கட்டையில் போட்டு, அதன்மேலேயே கதவைச் சாத்தினேன். சேதி வரும்வரை அப்படியே கிடக்கட்டும் என்று விட்டிருக்கிறேன். பாதி உள்ளே இருக்கிறது. பாதி வெளியே, காற்றில்.