சேசம்மாளின் ஒலிவ எண்ணெய்

தாராவி சேசம்மாளுக்கு ஒரே கவலைதான். நெஞ்சடைப்பு வந்து பிழைத்த புருசன் தனசீலனுக்கு இனி எதைச் சமைத்துப் போடுவது?

"பாக்கெட்டுல அடைச்சது எதுவும் வேண்டாம்மா. கிளீன் ஈட்டிங்தான்" என்றாள் மகள் லிசா. பாவ் ரொட்டி போச்சே என்று தனசீலன் முகம் சுருங்கியது.

"மெடிட்டரேனியன் சாப்பாட்டு முறையில ரொட்டியும் உண்டுப்பா. மீன், கீரை, பருப்பு, ஒலிவ எண்ணெய்" என்றான் மகன் சாஜன்.

"ஏட்டி, இவன் சொல்றதுதான் சரி" என்றார் தனசீலன் மனைவியிடம்.

"ரொட்டின்னா உடனே கட்சி மாறிருவீங்களே!"

வீட்டில் இருந்த ஒலிவ எண்ணெய், போதகர் ஜெபித்துக் கொடுத்த சின்னக் குப்பிதான். ஆஸ்பத்திரியில் தனசீலன் நெற்றியில் பூசியது. அதைச் சட்டியில் ஊற்றலாமா? குப்பியையே பார்த்து நின்றவள், வெந்த மத்தி மீன்மேல் கவிழ்த்தாள்.

"நெத்தியில கேட்டது நெஞ்சுக்கும் கேக்கட்டும், ஆண்டவரே."

பாவ் மட்டும் ஒன்றுதான் வைத்தாள்.